உம்மம்மா சொன்ன எம்டன்

உம்மம்மாவின் வெற்றிலை வட்டாவில் எப்போதும் சில்லறை கிடக்கும். அதில் ஒரு காசைத் தூக்கிக்கொண்டு நான் நழுவும்போதெல்லாம் பின்னாலிருந்து அவ குரல் வரும்: "இவன் சரியான எம்டன். பாத்திட்டு இருக்கக்குள்ளயே எடுத்திட்டுப் போயிருவான்." ஏச்சா, மெச்சுதலா என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சொல் என்று இப்போது தோன்றுகிறது. கல்முனைச் சந்தையில் விலை பேசி ஆளை மடக்குகிறவனும் எம்டன், பத்துப் பேர் தேடியும் கையில் சிக்காதவனும் எம்டன். சிங்களத்திலும் இதே சொல் இதே பொருளில் இருக்கிறது. அடம்பிடிக்கிற பிள்ளைக்கு 'எம்டன் பில்லா வாறான்' என்று பயங்காட்டிய சிங்களத் தாய்மாரும் இருந்தார்கள்.

மேல் வகுப்புக்கு வந்த பிறகுதான் அது ஒரு கப்பலின் பெயர் என்று அறிந்தேன். கப்பலுக்கு அந்தப் பெயர் ஓர் ஊரிலிருந்து வந்தது. வடமேற்கு ஜேர்மனியில் எம்ஸ் ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் எம்டன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. 1906 நவம்பரில் டான்ஸிக் அரச கப்பல்தளத்தில் வேலை தொடங்கி, 1908 மே 26 அன்று கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். எம்டன் நகர மேயரே வந்து பெயர் வைத்தார். 1909 ஜூலை 10 அன்று கப்பல் கடற்படைச் சேவையில் சேர்ந்தது.

இலகுரகக் குரூசர் என்பது அந்தக் காலக் கடற்படைகளின் வேவுக் குதிரை. பெரிய போர்க்கப்பலோடு நேருக்கு நேர் நிற்க அதனால் முடியாது. வேகமாக ஓடும், தூரத்தில் எதிரியைக் கண்டு செய்தி சொல்லும், வணிகக் கப்பலை வழிமறிக்கும். எம்டனின் நீளம் 118 மீற்றர். சந்தாங்கேணி மைதானத்தில் பந்தடிக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் கூட. அகலம் 13.5 மீற்றர்தான். ஒல்லியான உடம்பு, வரிசையாக மூன்று புகைபோக்கிகள், முழுச் சுமையோடு ஏறக்குறைய 4,270 தொன் எடை. தூரகிழக்கில் வெள்ளைச் சாயம் பூசி நின்ற நாட்களில் 'கிழக்கின் அன்னம்' என்று அதைச் சொன்னார்கள்.

ஆயுதம் என்று பார்த்தால் 10.5 சென்ரிமீற்றர் பீரங்கிகள் பத்து. முன்தட்டில் இரண்டு, பின்தட்டில் இரண்டு, இரு பக்கமும் மூன்று மூன்று. சின்னப் பீரங்கிகள் எட்டு. நீர்மட்டத்துக்குக் கீழே டோர்பிடோக் குழாய்கள் இரண்டு. கப்பல்தட்டின் இரும்புக் கவசம் ஆகக் கூடிய இடத்தில் 80 மில்லிமீற்றர். இது பெரிய பலமல்ல. அதே காலத்துப் பிரித்தானியக் குரூசர்கள் பலவற்றில் இதைவிடக் கனமான பீரங்கிகள் இருந்தன.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எம்டனின் கூடப்பிறந்த கப்பலான டிரெஸ்டனுக்குப் புதிய ஆவிச்சுழலி பூட்டினார்கள். எம்டனுக்குக் கிடைத்தது பழைய உந்துதண்டு எஞ்சின். இந்த வகை எஞ்சினோடு ஜேர்மன் கடற்படை கட்டிய கடைசிக் குரூசர் அதுதான். பன்னிரண்டு கொதிகலன்கள், எல்லாம் நிலக்கரியில் எரிபவை. முழு வேகத்தில் மணிக்கு 23.5 கடல்மைல் ஓடும். கரியறைகளை நிரப்பினால் 860 தொன் கொள்ளும். அதை வைத்துக்கொண்டு 12 கடல்மைல் வேகத்தில் போனால் 3,760 கடல்மைல் தூரம் போகலாம். வேகத்தைக் கூட்டினால் தூரம் சுருங்கிவிடும். எம்டனின் கதை முழுவதும் இந்தக் கணக்குக்குள்தான் ஓடுகிறது. அடுத்த கரி எங்கே என்ற கேள்வி இல்லாமல் அந்தக் கப்பலில் ஒரு நாளும் விடிந்திருக்காது.

1910 ஏப்ரலில் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. பிறகு அது பிறந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. தென்னமெரிக்காவைச் சுற்றி, பசிபிக் தீவுகளைக் கடந்து, அதே ஆண்டு செப்டெம்பரில் சீனக் கரையில் ஜேர்மனியர் பிடித்து வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்தை அடைந்தது. கரோலின் தீவுகளில் போனாப்பே தீவின் சோகெஸ் மக்கள் ஜேர்மன் ஆட்சிக்கு எதிராக எழுந்ததும், அவர்களை அடக்க 1911 ஜனவரியில் போன கப்பல்களில் எம்டனும் ஒன்று. தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மக்களைத் தீவை விட்டே நாடு கடத்தினார்கள். வெள்ளைக்காரனை ஓட ஓட விரட்டிய கப்பல் என்றுதான் எங்கள் பக்கத்தில் எம்டனுக்குப் பெயர். அதற்கு முன்னே அந்தப் பீரங்கிகள் எங்களைப் போல அடக்கியாளப்பட்ட ஒரு தீவுச் சனத்தைச் சுட்டவை. இதையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

1913 இல் கப்டன் கார்ல் ஃபொன் முல்லர் பொறுப்பேற்றார். உலகப் போர் நெருங்கிவர, 1914 ஜூலை 31 அன்று எம்டன் சிங்தாவை விட்டு வெளியேறியது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் பாகான் தீவில் அட்மிரல் ஸ்பேயின் ஜேர்மன் அணியைச் சந்தித்தது. அணி தென்னமெரிக்காப் பக்கம் போக, தனியே இந்துமாகடலுக்குப் போகிறேன் என்று முல்லர் கேட்டு வாங்கிக்கொண்டார். கூடப் போனது மார்க்கோமானியா என்ற கரிக்கப்பல் மட்டுமே.

வழியில் துணியாலும் மரச்சட்டத்தாலும் பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். மூன்று புகைபோக்கி என்றால் ஜேர்மன் கப்பல் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். நான்கு இருந்தால் பிரித்தானியாவின் யார்மத் குரூசர் என்று எண்ணிவிடுவார்கள். உம்மம்மா சொன்ன 'பாத்திட்டு இருக்கக்குள்ளயே' என்பதற்கு இதைவிடப் பொருத்தம் எங்கே தேட?

செப்டெம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. கிரேக்கக் கரிக்கப்பல் பொன்டோபொரோஸ் முதலில் அகப்பட்டது. அடுத்து இந்தியப் படைகளை ஏற்றுவதற்காகப் போய்க்கொண்டிருந்த இண்டஸ். சிங்தாவிலிருந்து கிளம்பியபோது எம்டனில் சவர்க்காரம் போதியளவு இல்லை. கரித்தூளில் குளிக்கிற முன்னூற்றைம்பது பேருக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று நினைத்துப் பாருங்கள். இண்டஸில் சவர்க்காரம் குவிந்து கிடந்தது. அதை அள்ளிய மகிழ்ச்சியை எம்டனின் இரண்டாம் நிலை அதிகாரி ஹெல்முத் ஃபொன் மூக்கே பிற்பாடு மறக்காமல் எழுதி வைத்தார். கல்கத்தாவிலிருந்து தேயிலை ஏற்றி வந்த டிப்ளொமட் அதே வாரத்தில் மூழ்கியது. பிடித்த கப்பல்களின் ஆட்களை முல்லர் கொல்லவில்லை. வேறொரு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பினார். விடுதலையான மாலுமிகள் எம்டனுக்குக் கைதட்டி ஆரவாரம் செய்துவிட்டுப் போனார்கள்.

செப்டெம்பர் 22 இரவு சென்னை. துறைமுகத்தில் விளக்குகள் வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தன. இருட்டில் வந்து நின்ற எம்டன் தேடுவிளக்கைப் போட்டு, பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகளைப் பார்த்து ஏறக்குறைய 130 குண்டுகள் சுட்டது. எண்ணெய் பற்றிக்கொண்டது. உயர் நீதிமன்ற மதிலிலும் ஒரு குண்டு விழுந்தது. அந்த இடத்தில் கல் பதித்திருக்கிறார்கள். ஐந்து பேராவது செத்தார்கள். மறுநாளிலிருந்து மூட்டை முடிச்சோடு பட்டணத்தை விட்டுக் கிளம்பியவர்கள் ஆயிரக்கணக்கில். எம்டன் ஒரு சொல்லாகத் தமிழுக்குள் நுழைந்தது அந்த இரவில்தான். நாஞ்சில் நாட்டுச் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் நின்று சென்னைக்கு வழிகாட்டினார் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. அந்த மாதத்தில் அவர் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக் குழு வேலையில் இருந்தார். அவருடைய பெருமைக்கு இந்தக் கட்டுக்கதை தேவையே இல்லை.

சுட்டு முடித்ததும் முல்லர் விளக்குகளைக் கரைக்குத் தெரியும்படி விட்டு வடக்கே போவதாகக் காட்டினார். பிறகு விளக்கை அணைத்துத் தெற்கே திரும்பினார். அங்கிருந்து இலங்கையின் தென்முனைக்கு வர அப்படிப்பட்ட கப்பலுக்கு ஒரே வழிதான். பாக்குநீரிணையும் சேதுத் திட்டும் அதன் ஐந்தரை மீற்றர் அடித்தாழ்வுக்கு இடம் கொடாது. ஆகவே கிழக்கே சுற்றித்தான் வரவேண்டும். செப்டெம்பர் 23, 24. கச்சான் காற்று ஓய்கிற காலம், கடல் தகடு போலக் கிடக்கும். திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் என்று நம்முடைய கரை நீளத்துக்கும் அதற்கப்பால், ஆழ்கடலில், அந்த ஒல்லிக் கப்பல் தெற்கே இறங்கியது. அன்றைக்குக் கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதி. மட்டக்களப்புக்கு ரயில் வர இன்னும் பதினான்கு வருடம் இருந்தது.

25 ஆம் திகதி தெற்குக் கடலில் கிங் லட் என்ற கப்பல் மூழ்கியது. அன்றிரவே கொழும்புத் துறைமுகத்தின் தேடுவிளக்கு வெளிச்சம் தெரியும் தூரத்தில், சீனி ஏற்றி வந்த டைமெரிக் பிடிபட்டது. 27 ஆம் திகதி அகப்பட்ட புரெஸ்க்தான் எல்லாவற்றிலும் பெரிய பிடி. பிரித்தானியக் கடற்படைக்கென்று வேல்ஸ் நாட்டிலிருந்து அனுப்பிய முதல்தரக் கரி, ஒரு கப்பல் நிறைய. எதிரியின் அடுப்புக்கு வந்த விறகில் எம்டன் அதற்குப் பிறகு ஓடியது.

கரி மாற்றுவது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு கப்பலையும் பக்கத்தில் பக்கமாகக் கட்டுவார்கள். கடல் தூக்கித் தூக்கிப் போட, இரண்டு உடம்பும் மோதி நசுங்கும். மாலுமிகள் கரிக்கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிச் சாக்கில் அள்ளிக் கட்டுவார்கள். பாரந்தூக்கி இழுத்துத் தட்டில் போடும். தட்டில் நிற்பவர்கள் அதை உருட்டிக் கரியறைத் துவாரத்தில் கொட்டுவார்கள். வெப்பவலய வெயிலில் இரும்பு கொதிக்கும், மூக்கிலும் கண்ணிலும் கரித்தூள் ஏறும். அறை நிறைந்த பிறகும் விடமாட்டார்கள். நடக்க இடமில்லாமல் தட்டின் மேலும் குவிப்பார்கள். அந்த வேலை முடிந்த கையோடு கொதிகலன் அறையில் நிற்பவன் மறுபடி சவலைப் பிடிக்க வேண்டும். எம்டனின் கெட்டித்தனம் என்று உலகம் புகழ்ந்ததில் பாதி இந்த ஆட்களின் முதுகில் இருந்தது. கரைவலை இழுக்கிற தோளைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊராருக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை.

கரையில் அச்சம் வேறு உருவம் எடுத்தது. பொத்துவில், பாணமை தாண்டிக் குமுனைக் காட்டுக்கு அப்பால் யால சரணாலயம் இருக்கிறது. அதன் முதல் காவல் அதிகாரி எங்கெல்பிரெக்ட் என்ற போயர். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்டு இலங்கைக்குக் கைதியாக வந்தவர். பிரித்தானிய மன்னருக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கினார். 1908 முதல் யாலவில் வேலை. எம்டன் தெற்குக் கடலில் திரிந்ததும், இந்த மனிதர் காட்டிலிருந்து இறைச்சி கொடுத்து அதைப் போஷிக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பிடித்துக்கொண்டுபோய்க் கண்டியில் அடைத்தார்கள். எம்டனுக்கு உணவு எங்கிருந்து வந்தது என்பது அது பிடித்த கப்பல்களின் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். ஆடு கோழி முதல் மா, சீனி வரை எல்லாம் அந்தக் கப்பல்களிலேயே இருந்தன. எங்கெல்பிரெக்ட் 1922 இல் அம்பாந்தோட்டையில் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்பதை எம்டனில் அதிகாரியாக இருந்தவர்களில் ஒருவர் பின்னொரு நாள் கொழும்புக்கு வந்தபோது உறுதியாகச் சொன்னார். கேட்பதற்கு அந்த மனிதர் அப்போது உயிரோடு இல்லை. சந்தேகத்தின் பேரில் ஆளைப் பிடித்து அடைப்பதன் கொடுமையை இந்தக் கரையில் வாழ்கிற எந்தச் சமூகத்துக்கும் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒக்டோபரில் எம்டன் டியாகோ கார்சியாவுக்குப் போனது. உலகப் போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்கு வந்திருக்கவில்லை. பிரித்தானியத் தீவில் நின்றுகொண்டே கப்பலின் அடியைச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். பிறகு மினிக்கோய்ப் பக்கம் இன்னொரு கப்பல் கூட்டம் அகப்பட்டது. ஒக்டோபர் 28 விடியற்காலை, பொய்ப் புகைபோக்கியோடு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரம் போட்டுக் கிடந்த ரஷ்யக் குரூசர் ஜெம்சூக்கை டோர்பிடோவால் பிளந்தது. 80 பேருக்கு மேல் செத்தார்கள். வெளியே எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கியது. தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளைப் படகு இறக்கித் தூக்கிக்கொண்டுதான் எம்டன் அங்கிருந்து போனது.

நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகள். அங்கே கடலடித் தந்திக் கம்பிகள் வந்து கூடுகிற நிலையம் இருந்தது. அதை உடைக்க மூக்கேயின் தலைமையில் ஐம்பது பேர் இறங்கினார்கள். பொய்ப் புகைபோக்கி இந்த முறை பலிக்கவில்லை. தந்தி நிலையத்தார் அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று உடனே செய்தி விட்டுவிட்டார்கள். அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்ற 38 கப்பல்களின் அணி அந்த நேரம் 100 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. முல்லருக்கு அது தெரியாது. காவலுக்கு வந்த குரூசர்களில் ஒன்றான சிட்னி பிரிந்து விரைந்து வந்தது.

சிட்னி பெரியது, புதியது, வேகமும் கூடியது. அதன் ஆறங்குலப் பீரங்கிக் குண்டு 45 கிலோ. எம்டனின் குண்டு ஏறக்குறைய 17 கிலோ. முதல் சுற்றில் எம்டன் குறி தப்பாமல் அடித்து, எதிரியின் தூரமானியை உடைத்தது. பிறகு சிட்னி தூரத்திலேயே நின்று அடித்தது. புகைபோக்கிகள் சாய்ந்தன, முன்மரம் முறிந்தது, சுக்கான் போனது. ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் முல்லர் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பாறைத்திட்டில் கொண்டுபோய் ஏற்றினார். 130 பேருக்கு மேல் மாண்டார்கள். சிட்னியில் செத்தவர்கள் நான்கு பேர்.

கரையில் நின்ற மூக்கேயின் ஆட்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறையில் ஒரு பழைய மூன்றுமரப் பாய்க்கப்பல் கிடந்தது. அதன் பெயர் ஆயிஷா. 97 தொன்தான். அன்று மாலையே அதில் ஏறிப் பாய் விரித்தார்கள். நம் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர் ஒன்று, ஜேர்மன் மாலுமிகளைச் சுமந்துகொண்டு சுமாத்திராவின் பாடாங் வரைக்கும் போனது. அங்கிருந்து சோய்சிங் என்ற நீராவிக் கப்பலுக்கு மாறினார்கள், ஆயிஷாவைக் கடலில் மூழ்கடித்தார்கள். 1915 ஜனவரியில் யெமனின் ஹுதைதாவில் கரையேறினார்கள். சன்ஆ மலை வரை ஏறி, நோயில் அடிபட்டு, திரும்பிச் செங்கடலில் சம்பூக் தோணிகளில் வடக்கே போனார்கள். ஜித்தாவுக்கு அருகே பதூவிகள் மூன்று நாள் முற்றுகையிட்டார்கள். மக்கா ஷரீபின் மகன் அப்துல்லா ஆட்களோடு வந்து மீட்டார். பிற்காலத்தில் ஜோர்தானின் மன்னரானவர் அவர்தான். அல்-உலாவில் அவர்கள் ஹிஜாஸ் ரயிலில் ஏறினார்கள். ஹாஜிகளுக்கென்று உலக முஸ்லிம்கள் நன்கொடை திரட்டிப் போட்ட பாதை அது. மதீனாவை எட்டியது 1908 இல், எம்டன் தண்ணீரில் இறங்கிய அதே வருடம். மே மாதம் அவர்கள் கொன்ஸ்தாந்திநோபிளில் போய் இறங்கினார்கள்.

பாறையில் உயிர் தப்பியவர்களைச் சிட்னி கொழும்புக்குக் கொண்டுவந்தது. துறைமுகத்தில் காத்துநின்ற அவுஸ்திரேலியப் படையினருக்கு முன்னாலேயே ஒரு செய்தி போயிருந்தது: கப்பலில் காயக்காரர் கிடக்கிறார்கள், ஆரவாரம் வேண்டாம். வெற்றி பெற்ற கப்பல் மௌனமாகவே கொழும்புக்குள் நுழைந்தது. முல்லரை மால்டாவுக்கு அனுப்பினார்கள். தப்பியவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதையும் சேர்த்துக்கொள்ள ஜேர்மன் அரசு அனுமதித்தது. பிள்ளைகள் வழியாக அது தொடர்ந்தது.

நம் கடலில் வேறொரு போர்க்கப்பல் நிஜமாகவே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் இருக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஹெர்மிஸ் என்று ஒரு சொல் எங்கள் பேச்சில் இல்லை. நங்கூரம் போடாமல் இருட்டில் தாண்டிப் போனதுதான் பேச்சில் தங்கிவிட்டது.

எம்டனின் பீரங்கிகளில் ஒன்று 1917 முதல் சிட்னி நகரத்தின் ஹைட் பூங்காவில் நிற்கிறது. பாறையில் கிடந்த மிச்ச இரும்பை 1950களில் ஜப்பானிய நிறுவனமொன்று வெட்டி எடுத்துப் போனது.

எங்கள் ஊர்களில் அந்தக் காலச் சொற்களைப் புழங்கிய தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. மருதமுனை முதல் பொத்துவில் வரை உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய வாப்பாவோ உம்மம்மாவோ இருந்தால், எம்டன் என்ற சொல்லை யாரிடம் கேட்டீர்கள், என்ன சந்தர்ப்பத்தில் சொன்னார்கள் என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் சொல்கிற பேச்சிலேயே, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என் உம்மம்மாவிடம் நான் கேட்கவில்லை.